அப்பா எழுதாத கட்டுரை

பழைய குற்றாலத்துப் பாறைகளில் படரும் பாசியைப் பற்றி நான் எழுதிய முதல் ஆய்வுக்கட்டுரைக்கு, உலகத்தைப் பொறுத்தவரை அப்பாதான் ஆசிரியர். பத்திரிகையின் இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். அச்சில் அவர் முழுசாக நின்றார், நான் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டேன்.

கேட்டதும் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. யார் பார்த்தார்கள்? மூலத்தைத் திறக்காமல், ஒருவர் போட்ட மேற்கோளை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்காசி வீட்டில் அப்பாவிடம்தான் கத்துவேன். அவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

"கெடக்கட்டும்ட்டி. நீ பாறையச் சுரண்டயில சாரல்ல நின்னு கொடை பிடிச்சது நாந்தானே? போலீஸ்காரன் பேரு எஃப்.ஐ.ஆர்ல மட்டுந்தான் வரணுமா?" என்பார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெயரைத் திருத்தச் சொல்லி அடுத்த மின்னஞ்சலை எழுத உட்காருவேன்.

போன வருஷம் சாரல் தொடங்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். பாசி எடுக்கத் தனியாகப் போனேன். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு வேலை ஓடவில்லை. பாதியிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு ஒரு பத்திரிகை, வேறொருவரின் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி அனுப்பியது. மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றில் பக்க எண் தப்பு, ஒன்றில் ஆண்டு தப்பு, இன்னொன்றில் மூலத்தில் இல்லாததே இருந்தது. திட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஈரம் காயாத பக்கத்தில்தான் இந்தப் பாசி செழிக்கிறது என்று அப்பா சொல்கிறாராம். நிகழ்காலத்தில் எழுதியிருந்தார்கள். இருப்பவரோ இறந்தவரோ, மேற்கோளில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது, தாங்க முடியவில்லை.

விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இத்தனை காலமும் நான் சண்டை பிடித்த அதே தப்பு. ஆசிரியர் பெயரைத் திருத்தவும் என்று குறிப்பெழுதி அனுப்பினேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அந்த இடத்தில் என் பெயர் சரியாக இருக்கிறது. அதை மூடிவிட்டு, இன்னும் தப்பாகவே கிடக்கும் பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து, அப்பா என்னென்ன சொல்கிறார் என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.