மிதிபடாத இடத்து ஜம்பு மரம்

எங்கள் வீட்டு ஜம்பு மரத்தில் பாதி மோட்சம் காய்த்துத் தொங்குகிறது என்று சின்ன வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி முடிப்பதற்குள் கன்னியர் மடத்தில் சேரும் வயது அவருக்குக் கடந்துபோயிற்று. பங்குச் சாமியார் பார்த்து ஒரு வேலை கொடுத்தார். கோவில் பீடத்துத் துணிகளை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் தருகிற வேலை.

"எனக்கு மடமும் இதுதான், மாப்பிள்ளையும் இதுதான்" என்று துவைக்கும் மரத்தொட்டியைத் தட்டிக் காட்டுவார் அத்தை.

"குடிச்சிட்டு வந்து அடிக்காத மாப்பிள்ளை, குடுத்து வச்சவங்க நீங்க" என்பார் அம்மா.

பூசைப் பாத்திரம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. ஆண்டவர் உடலான நற்கருணை அப்பத்தின் துகள் அதில் ஒட்டியிருக்கலாம் அல்லவா? கால் படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வாசலை மிதிக்காத ஆடு உண்டா, கோழி உண்டா, பிள்ளைதான் உண்டா! வேலி மூலையில் நின்ற ஜம்பு மரத்தைச் சுற்றி அத்தை கல் அடுக்கி வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் முக்காடு போட்டு, உதடு முணுமுணுக்க, அந்தக் கல்லுக்குள் தண்ணீரை ஊற்றுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த மரத்துப் பழத்தைக் கூடையோடு கோவில் வாசலில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுப்பார். உபதேசியார் வீட்டம்மாவின் கைதான் முதலில் நீளும்.

"என்னமா இனிக்குது! எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்த மரம், இனிக்காம இருக்குமா!"

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். சின்னப் பொய்க்கு ஒரு பழம், பெரிய பொய்க்கு இரண்டு. தின்றுவிட்டால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்க வேண்டியதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், தமிழ் மறந்து பல தலைமுறையான மலாக்காச் செட்டி வீடு. அந்த வீட்டு அம்மாளை 'மாக்' என்றுதான் கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் சாமி பெயரும் சில சாமான் பெயரும் வரும், அவ்வளவுதான். அத்தையின் மலாய் சந்தைக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு. ஆனாலும் இரண்டு பேரும் வேலியோரம் நின்றால் சோறு தீய்ந்துபோகும் வரை பேசுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மாக்கின் காலில் புண் வந்து சீழ் வைத்து, படுத்தே விட்டார். மகள் புக்கிட் பாருவில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். வீட்டுக்காரர் பகலெல்லாம் மாட்டுவண்டியோடு வெளியே. அத்தை யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காலையில் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டி, பழைய கட்டுத்துணியை அள்ளிக்கொண்டு வருவார். அதற்கென்று வேறு வாளி, வேறு துவைக்கும் கல்.

ஒரு சனிக்கிழமை உபதேசியார் வீட்டம்மா கோவில் துணி வாங்க வந்தார். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு ஜம்பு மரத்தடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் தலை குனிந்து பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னாக்கா இது, ரத்தமும் சீழுமா? யார் துணி?"

"பக்கத்து வீட்டு மாக்கு. கால் புண்ணு."

"திருநீறு பூசுறவ சீழக் கொண்டாந்து இங்கியா கொட்டுறீங்க?"

"லோங்காங் சாக்கடையில பிள்ளைங்க வெளையாடுதுங்கம்மா. மிதிபடாத இடம்னு நமக்கு இருக்கிறது இது ஒண்ணுதானே."

"சரி, அதுக்கு முக்காடு எதுக்கு? முணுமுணுப்பு எதுக்கு?"

பழக்கத்தில் போட்டுக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தைக்குப் பொய் சொல்ல வராது.

"ஆண்டவரு காயத்தையும் யாராச்சும் ஒரு பொம்பளை கழுவியிருப்பாதானேம்மா. அதை நெனச்சுக்கிட்டேன்."

"ஓ! ஆண்டவரும் அந்தத் திருநீறுக்காரியும் இப்ப ஒண்ணாயிட்டாங்களா!"

சாமியாரிடமிருந்து சொல் வந்தது. திட்டு ஒன்றுமில்லை. "அம்மா கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்." துணியெல்லாம் செமாபோக்கில் ஒருவர் வீட்டுக்குப் போயிற்று. அத்தைக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். அடுத்த சனிக்கிழமையும் அத்தை கஞ்சி காய்ச்சினார். அது ஆறி ஆடை கட்டும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டுக்கு வைத்தார்.

மறுநாள் பூசை முடிந்து வழக்கம்போல் கூடையோடு நின்றார். உபதேசியார் வீட்டம்மா முந்தானையை ஒதுக்கிக்கொண்டு கடந்து போனார். அவர் பின்னால் வந்தவர்களுக்கும் அன்றைக்கு என்னவோ பழம் பிடிக்கவில்லை. கூடை நிறைய அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. "எல்லாம் நமக்கா?" என்று நான் கை தட்டினேன்.

புண் ஆறி நடக்கத் தொடங்கியதும் மாக், ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு விந்தி விந்தி வேலியோரம் வந்தார். கொடியைப் பார்த்தார். வெள்ளைத் துணி ஒன்றும் காயவில்லையே என்று மலாயில் கேட்டார்.

அத்தை சிரித்தார். சாமியார் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் துணி வரும் என்று, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னார்.

சாமியார் எங்கே ஊருக்குப் போனார்? காலையில்கூடப் பார்த்தேனே! சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை ஒரு ஜம்புப் பழத்தை எடுத்து என் வாயில் திணித்தார். மாக்குக்கு மனசு நிறைய சந்தோஷம். நொண்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

நான் மென்றபடி அத்தையைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொன்ன பயம் என்று நினைத்தேன். பெரிய பொய்தான், இரண்டு தின்றால் சரியாகிவிடும் என்று கூடையிலிருந்து நல்லதாக இரண்டு பொறுக்கி அவர் கையில் வைத்தேன்.