அய்யனார் அனுப்பிய குட்டைக் குதிரை

அய்யனாரை நம்பும் அன்பர்களுக்கு வணக்கம். நம்பாதவர்களுக்கும் வணக்கம், போன மார்ச் வரை நானும் உங்கள் கட்சிதான்.

கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கிறேன். வயது ஐம்பத்தேழு. மனைவி போய் நான்கு வருடமாகிறது. ஒரே மகள் நித்யாவுக்கு டெக்சாஸில் வேலை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர், குலதெய்வம் அய்யனார். வேண்டுதல் பலித்தால் அவருக்கு மண்குதிரை செய்து, ஊர்கூடிச் சுமந்துபோய்க் கோயிலில் வைப்பது எங்கள் வழக்கம். வருடாவருடம் என் அண்ணன் போன் செய்து, "தம்பி, ஒன் பேர்ல ஒரு குதிரை எழுதிக்கவா?" என்று கேட்பார். "மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கச் சொல்றீங்களேண்ணே" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

அந்த வாய்தான் போயிற்று. ஒருநாள் காலை குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது பக்கவாதம் வந்து விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தார். உயிர் தப்பியது. ஆனால் வலது கை விழுந்துவிட்டது; பேச்சு வரவில்லை. எல்லாம் புரிந்தது, எதுவும் சொல்ல முடியவில்லை.

பிளசன்டனில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். நித்யா ஒரு வாரம் இருந்தாள். அவள் அம்மா பூஜை அலமாரியில் வைத்திருந்த சிறிய அய்யனார் படத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். தினமும் மாலை வீடியோவில் வருவாள். அவள் ஆங்கிலத்தில் பேசுவாள். நான் "ஆ" என்பேன். பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். நாளாக ஆக அழைப்பு சுருங்கியது. அவளைக் குறை சொல்ல முடியுமா? சுவரோடு எத்தனை நாள் பேசுவாள்?

ஆறாவது வாரம் மையத்தில் சொல்லிவிட்டார்கள். தனியாக இருக்கிற ஆள், அவசரத்துக்கு 911-ஐ அழைத்துப் பேச முடியாவிட்டால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, பராமரிப்பு இல்லம்தான். அன்று பகல் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தே அழுதேன். கேலி பேசின வாய்க்கு மன்னிப்புக் கேட்கக்கூட வார்த்தை இல்லை. மனசுக்குள் சொன்னேன்: அய்யனாரே, பேச்சைத் திருப்பிக் கொடு. குதிரை வைக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நித்யா வீடியோவில் இருந்தபோது அறைக்குள் குதிரை வந்தது.

சத்தியமாகக் குதிரைதான். இடுப்பளவு உயரம். நோயாளிகளுக்கு ஆறுதல் தரப் பழக்கிய குட்டைக் குதிரையாம், பெயர் பிஸ்கட். வழுக்காமலிருக்க நான்கு காலிலும் குழந்தைகள் போடும் ஷூ. கூட்டிவந்த கேரல் என்ற அம்மாள் என் இடது கையை எடுத்து அதன் பிடரியில் வைத்தார். சூடாக இருந்தது. ஊசிக்கும் பயிற்சிக்கும் தவிர ஓர் உயிர் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று! கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பிஸ்கட் மேஜைப் பக்கம் கழுத்தை நீட்டி, அய்யனார் படத்தைக் கவ்வியது.

"டேய்! விடுடா! சாமிடா அது!"

கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். கேரல் "சாரி, சாரி" என்று படத்தைப் பிடுங்கினார். திரையில் நித்யா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வளர்ந்த பெண், "அப்பா... இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள். "விடுடா" என்றேன். அவளும் அழுதுகொண்டே "விடுடா" என்றாள்.

திட்டுகிற வார்த்தை மூளையில் வேறு வழியாக வரும் என்று பேச்சுப் பயிற்சி தந்த பெண் விளக்கினாள். வரட்டும். அந்த வழியைத் திறக்கக் குதிரையை அனுப்பியது யார்?

அதன்பின் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தேன். வீடு இன்னும் காலிதான். காலையில் விளக்கேற்றி அய்யனாரிடம் உரக்கப் பேசுகிறேன்; பல்தடம் பதிந்த அதே படம். உங்களில் யாராவது பேச ஆளில்லாமல் கிடந்தால், வெட்கப்படாமல் அவரிடம் கேளுங்கள். அவருக்குச் சத்தம் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே... குதிரை... என் பேர்ல" என்று திக்கித் திக்கிச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணன் கேட்டார்:

"மண்ணுதாண்டா. பரவாயில்லையா?"