பழனிசாமி போட்ட முடிச்சு

தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரத் தோப்பு. சோமனூர் தறிக்கூடத்து ஆட்களின் சுதந்திர தினச் சுற்றுலாவில் நானும் ஒரு விருந்தாளி. தெலுங்கு வீட்டுப் புளியோதரை, பாலக்காட்டுக்காரரின் பழம்பொரி, உள்ளூர் இட்லி எல்லாம் மூடியே இருக்கின்றன. கொடி விரிந்த பிறகுதான் சாப்பாடு என்பது முதலாளியம்மாவின் உத்தரவு.

முதலாளியம்மா கயிற்றை இழுக்கிறார். மூங்கில் உச்சியில் கொடி பொட்டலமாகவே இருக்கிறது.

"ஏனுங்க பழனிசாமி, என்ன முடிச்சுங்க போட்டீங்க?" என்கிறார்.

"நூல் அறுந்தா போடற முடிச்சுதானுங்க. இழுக்க இழுக்க இறுகுமுங்க." பெருமையாகச் சொன்ன தறிக்காரர், சொன்ன பிறகுதான் விழிக்கிறார்.

"அப்ப அடுத்த வருசந்தான் இட்லிங்களா?" என்கிறது ஒரு குரல். பழனிசாமி தலை குனிகிறார்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிக்கு விதி தெரியுமாம். இழுத்தால் அவிழும் சுருக்குமுடிச்சுக்குத்தான் விதி உண்டு; அவிழாததற்கு இல்லை. "கொடி தரையைத் தொடக் கூடாது" என்று மட்டும் சொல்கிறேன்.

மூங்கிலைச் சாய்த்து, எல்லோரும் கொடியைக் கையில் தாங்குகிறார்கள். பழனிசாமி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறார். உள்ளிருந்த பூவெல்லாம் பாலக்காட்டுக்காரரின் வழுக்கையில் கொட்டுகிறது. மூங்கில் மறுபடி நிமிர்கிறது. தேசிய கீதத்தை மூன்று விதமாக உச்சரித்து, ஒன்றாக முடிக்கிறார்கள்.

முதல் இலை பழனிசாமிக்கு.

"இட்லியே வையுங்க" என்கிறார் முதலாளியம்மா. "பாவம், பல்லு நோவுமுங்க."