வள்ளம் வருது பார்

பல் டாக்டரின் அறையில் கராம்பெண்ணெய் மணத்தது. கதிரையில் கிடந்த என் ஏழு வயது மகளிடம் டாக்டர் சொன்னார்: "கொஞ்சம் நோகும், பிள்ளை. தாங்க ஏலாட்டி கையைத் தூக்குங்கோ, உடனை நிப்பாட்டுறன்."

எழுவைதீவில் அந்த வயதில் என் பல் ஆடியபோதும் இதே மணம்தான். பெரியப்பா கராம்பெண்ணெய் தடவி, பல்லில் வலை நூலைக் கட்டினார். "நோகாது" என்றார். பிறகு, "அங்கை பார், அப்பா வாற வள்ளம்!" என்று கத்தினார். எங்கள் தீவில் வள்ளம் என்றால் திரும்பாத தலை கிடையாது. அதிலும் கண்டியில் கடை வைத்திருந்த அப்பாவைக் கண்டு நாலு மாதம். திரும்பினேன். கடலில் ஒன்றுமில்லை. நூலின் நுனியில் என் பல் தொங்கியது.

அடுத்த பல் ஆடியபோது சின்னம்மா என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வள்ளம் வருது பார்" என்று பெரியப்பா மறுபடி தொடங்கினார். நான் திரும்பவில்லை. வாய்க்குள் வந்த விரலை இரத்தம் வரும்வரை கடித்தேன்.

"பெரியப்பாட்டை மன்னிப்புக் கேளடி!" என்று அம்மா உறுக்கினார்.

"பொய் சொன்னவர் முதல் கேக்கட்டும்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டேன்.

மகள் கையைத் தூக்கினாள். டாக்டர் உடனே நிறுத்தினார். வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்களும் சின்னனிலை கை தூக்கினனீங்களோ?"

"என்ர கையைப் பிடிச்சு வைச்சிருந்தவை, பிள்ளை. அதுதான் கடிச்சனான்."