சந்துக்கு விட்ட மூன்றரை அடி

பூசணிக்காயைக்கூட மூன்று முறை உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். வீடு கட்ட ஆள் பிடிப்பதென்றால் சும்மா விடுவேனா? "பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே" என்றாள் மனைவி.

விசாரிக்கக் காரணம் இருந்தது. ஆலங்குடியில் அப்பா விட்டுப்போன மனையை நானும் அக்காவும் பிரித்துக்கொண்டதில் நான்கு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லை. அக்கா தன் பங்கில் வீடு கட்டிக் குடிபோனாள், அந்த விசேஷத்துக்குக்கூட நான் போகவில்லை. அவள் மகள் கல்யாணத்தில்தான் மறுபடி பேசினோம். நானும் கட்டப்போகிறேன் என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்புடி வேணாக் கட்டிக்க. எங்க அடுப்படி ஜன்னல மட்டும் மறைச்சுறாத."

அனுமதி வாங்கிய பிளானில் அவள் ஜன்னல் பக்கம் மூன்றரை அடி சந்து விட்டிருக்கிறது. கட்டுகிறவர் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டால் போதும், எனக்கு அக்கா மறுபடி இல்லாமல் போய்விடுவாள். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

சிபாரிசில் வந்த மேஸ்திரியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வேலை சுத்தம், ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு வீட்டை அப்படி விட்டாராம். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் கட்டிய வீடுகளின் அனுமதிக் காகிதங்களைப் பார்க்க முடியுமா என்று பிளானுக்கு அனுமதி கொடுக்கும் ஆபீசில் போய்க் கேட்டேன். கிளார்க் சிரித்தார். "மேஸ்திரி பேர்ல இங்க ஒண்ணும் இருக்காதுங்க. பெர்மிட்டெல்லாம் வீட்டுக்காரர் பேர்லதான். அவுகளையே போய்க் கேளுங்க."

இத்தனை வீடு கட்டியவர் பெயர் ஒரு காகிதத்திலும் கிடையாது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சட்டைப்பையில் அளக்கிற டேப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் பாதியில் விட்ட முதல் வீடு வல்லத்திராக்கோட்டையில். "நானும் கட்டப்போறேன், ஒங்க பிளானக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றதும் வீட்டுக்காரர் லேமினேஷன் போட்ட பிளானையே எடுத்துவந்து நீட்டினார். சொந்த வீட்டைக் காட்டுவதில் யாருக்குத்தான் ஆசையில்லை? பிளானில் கிழக்கே நான்கு அடி சந்து. டேப்பை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் சரியாக நான்கு அடி, பின்பக்கம் இரண்டே அடி. நடுவே சுவர்ப் பூச்சில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப்பக்கம் வழவழப்பு, அந்தப்பக்கம் சொரசொரப்பு.

"அங்கிட்டு வேற ஆளு வச்சுக் கட்டுனதுங்க" என்றார். "படிக்கட்டக் கொஞ்சம் சந்துல எறக்கிக்கன்னேன். பேப்பர்ல இல்லைன்னு சொல்லிட்டு, கொத்துக்கரண்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. பிடிவாதக்காரரு!"

இரண்டாவது வீடு அன்னவாசலில். அங்கே சந்துக்குள் நீட்டியிருந்தது பாத்ரூம். பூச்சில் அதே கோடு. பிளானில் எந்த இடத்தோடு சுவர் முடிகிறதோ, அந்த இடத்தோடு மேஸ்திரியின் வேலையும் முடிந்திருந்தது. அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். ஆள் பாதியில் விட்ட காரணம் கிடைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாதிதான் பட்டேன். என் மனசுக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருந்தது. பிளானில் படி ஹாலுக்குள் வருகிறது. அதை வெளியே எடுத்து, அக்கா பக்கம் ஒரே ஒன்றரை அடி தள்ளிவிட்டால் ஹால் பெரிதாகும். ஜன்னல் முழுசாக மறையாது, பாதிதான். சுவர் எழும்பும்போது மேஸ்திரி காதில் போட்டுவைக்கலாம் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். யார் அளக்கப்போகிறார்கள்? டேப் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

மறுவாரம் மேஸ்திரி மனைக்கு வந்தார். பிளானை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வீட்டுக்கும் டேப்போட போனீங்களாமே" என்றார். அசடு வழிந்தேன்.

"தப்பில்லைங்க. நானும் ஒங்களப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வாரேன்."

"என்னையவா? யார்ட்ட?"

"இந்தா, ஒங்க அக்காட்டதான். சந்துல தம்பி கை வைப்பாரான்னு கேட்டேன். 'அவன்ட்ட அந்த வேலையே கிடையாது, சொன்னாச் சொன்னபடி நிப்பான்'னாங்க. அதான் வந்தேன். படி ஹாலுக்குள்ளதான?"

காது வரைக்கும் சுட்டது. "உள்ளதாங்க" என்றேன்.

"ஹால் சின்னதாத் தெரியும்."

"தெரியட்டும்."

அதற்குள் அடுப்படி ஜன்னலிலிருந்து அக்கா சத்தம் போட்டாள். "டேய், மேஸ்திரிக்கு டீ போட்டுருக்கேன். வந்து வாங்கிக்க." போய் நின்றேன். கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக இரண்டு டம்ளரை நீட்டினாள். அவற்றை வாங்க நான் நின்ற இடத்தில்தான் என் படிக்கட்டு வந்திருக்கும்.