வாசலில் பாடிய முளைப்பாட்டு

காலைப் பூசையில் நான் பாடும் பதிகங்கள் பெரும்பாலும் உருகுவதைப் பற்றியவை. மெழுகும் பனியும் உருகுவதுபோல் நெஞ்சு உருக வேண்டும் என்று அவை கேட்கின்றன. கீழ்நாட்டிலிருந்து ஆசிரியப் பணிக்காக இந்த மலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கிப் போகாமல் தங்கிவிட்ட எனக்கு அந்தப் பாடல்களே துணை. சென்ற ஆண்டு முளைப்பாரி நோன்புக்கு முந்திய நாட்களிலும் அவற்றை ஓர் எழுத்தும் பிசகாமல் பாடினேன். நெஞ்சு மட்டும் ஆற்றங்கரைக் கல்லைப்போல இருந்தது. அது வருத்தமும் இல்லை, அச்சமும் இல்லை. வாயில் சொல் இருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

பூசை முடிந்ததும் எங்கள் ஊரில் முளைப்பாட்டுக்குத் தலைமை தாங்கும் அம்மாள் என் வீட்டு வாசலுக்கு வருவார். மரவள்ளியும் சாமையும் பயிரிடும் வீடு, கணவர் இறந்துவிட்டார், மணமாகாத ஒரே மகள். கையில் திருநீறு வாங்கிக்கொள்வார். பிறகு உள்ளே வந்து, நான் எடுத்துத் தரும் காசநோய் மாத்திரைகளை என் கண்முன்னே விழுங்குவார். சுகாதார நிலையத்துப் பணியாளர் அவர் வீட்டுக்கு நாள்தோறும் போனால் ஊர் கேள்வி கேட்கும் என்பதால், மருத்துவர் அம்மா செய்த ஏற்பாடு இது. என்னிடம் திருநீறு வாங்க யாரும் வரலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மருத்துவர் தென்மாவட்டத்துக்காரர், கிறித்தவர், வயதில் என் மகளைவிடச் சிறியவர். "உங்க வாசல்ல கூச்சப்படாம நிப்பாங்க ஐயா, அது போதும்" என்றார்.

இடையில் அந்த அம்மாள் மாத்திரையால் வரும் வாந்திக்குப் பயந்து சில நாட்கள் வரவில்லை. மீண்டும் வந்தபோது இருமல் திரும்பியிருந்தது. மருத்துவர் புதிதாகச் சளி எடுத்துக் கீழே ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வருமுன் நோன்பு தொடங்கிவிடும் என்பதுதான் இடர்.

எங்கள் ஊர் முளைப்பாரியின் முறையைச் சொல்ல வேண்டும். அவரை, மொச்சை, தினை, சாமை எல்லாவற்றையும் எருவிட்ட சட்டிகளில் விதைத்து ஓர் அறையில் அடுக்குவார்கள். வெளிச்சம் பட்டால் முளை பச்சையாகிவிடும். அம்மனுக்கு அது பொன்னிறமாக வெளுத்து நிற்க வேண்டும். ஆகவே சன்னலில் சாக்கைத் தைத்து, கதவை அடைத்து, மாலைதோறும் பெண்கள் உள்ளே நெருங்கி உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டைக் கேட்டுத்தான் முளை எழும்புகிறது என்பது நம்பிக்கை. அந்த ஆண்டு ஊரில் பிறந்த குழந்தையை முளைக்கு முன்னே துணி விரித்துக் கிடத்துவார்கள். சென்ற ஆண்டு அப்படிப் பிறந்தது, ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரின் பேத்தி. அம்மாள் பாடும் இடத்துக்கும் குழந்தை கிடக்கும் துணிக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இராது.

சுகாதார நிலையத்துக்குச் சென்று இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கைக்குழந்தைக்கு இது மூளை வரைக்கும் போயிடும் ஐயா."

"அப்படியானால் ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிடலாமா?"

"யாருன்னு சொல்றதா? சொன்னா அந்தக் குழந்தை தப்பிக்கும். அப்புறம் இந்த மலையில இருமுற எவரும் என்கிட்ட வரமாட்டாங்க. வீட்டுக்குள்ளேயே இருமி, வீட்டுக்குள்ளேயே பரப்புவாங்க. அப்ப எத்தனை குழந்தைங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"சொல்லாவிட்டால்?"

"அதுவும் என்னால முடியாது" என்றார். "முதல்ல அவங்ககிட்டயே பேசுங்க. அவங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய வேண்டாம். அப்புறம், பேரைச் சொல்லாமலே எதைச் செஞ்சா போதும்னு யோசிங்க. அந்த நோய்க்கு இருட்டும் அடைசலும் வேணும். ஒருத்தரை வெளியே நிறுத்துறதைவிட எல்லாரையும் வெளியே கொண்டு வந்துட்டா என்ன? எதுவுமே நடக்கலைன்னா, கடைசியா என்ன செய்யணுமோ அதை நான் செய்யுறேன். அந்தப் பழி என்னோடது, உங்களோடது இல்ல."

மறுநாள் காலை மாத்திரை விழுங்கிய பிறகு அம்மாளை உட்காரச் சொன்னேன். அறைக்குள் போக வேண்டாம் என்றும் காரணம் என்ன என்றும் சொன்னேன். அவர் தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் போகாட்டி யாரு பாடுவாங்கன்னு கேப்பாங்க. ஏன் போகலைன்னு கேப்பாங்க. புளியஞ்சோலைப் பக்கமிருந்து பொண்ணுப் பாக்க நோம்பிக்குத்தானுங்க வாராங்க. ஆத்தாளுக்கு டி.பி.ன்னு காதுல விழுந்தா, எங்க ஊட்டுப் படி ஏறுவாங்களா?"

"குழந்தை இருக்கிறதே அம்மிணி."

"எனக்குத் தெரியாதுங்களா? அந்தப் புள்ளையத் தூக்கச் சொன்னப்ப, கை வலிக்குதுன்னு பொய் சொல்லிட்டு வந்தவ நானு." செம்பைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க சாமி, பூவுப் பொட்டலம் கட்டறது நீங்கதானுங்களே?"

இங்கே எதற்கும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் ஒன்றுபோல் மடித்துச் சந்நிதியில் போட்டு, ஒரு கன்னிப்பெண்ணை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் மடிப்பது பல ஆண்டுகளாக என் வேலை.

"அறைக்குள்ள பாடட்டுமான்னு பூக் கேளுங்க. ரெண்டுலயும் செவப்ப வெச்சுருங்க. எந்த உசுருக்கும் கேடில்ல. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

அவர் போன பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொன்னால் ஒரு தாய் தன் மகளோடு தனித்து நிற்பாள். பேசாதிருந்தால் ஒரு சிசு. பூவை மாற்றினால் யாருக்கும் கேடில்லை. பொய்யை மட்டும் அம்மன் வாயில் வைத்தவனாவேன். அடுத்த முறை வேறொருவர் வேறொரு காரியத்துக்காக என்னிடம் வருவார். அப்போது என் கை இன்னும் எளிதாக மடிக்கும். இதையெல்லாம் பிறர் வழக்கை எண்ணுவதுபோல எண்ணினேன். மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை. எது சரி என்ற ஒளி எனக்குக் கிடைத்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

விதை போடுமுன் கோயில் வாசலில் ஊர் கூடியது. பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய சட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அம்மாள் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, இந்த ஆண்டு முளைப்பாட்டை அறைக்குள் பாடாமல் வாசலில் பாட வேண்டும் என்றேன்.

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க வாத்தியாரே, மொளைக்குப் பாட்டுக் கேக்க வேண்டாமா? அதுக்குக் காது வாசல்லயா இருக்குது?"

சிரிப்பு எழுந்தது. ஒரு கிழவி, "வாத்தியாருக்கு வயசாயிப் போச்சு, இருட்டுல காலு தட்டுது போல" என்றாள்.

"மலையில் இருமல் நோய் இருக்கிறது. அடைத்த அறையில் அது பரவும். கைக்குழந்தைக்கு ஆகாது. மருத்துவர் சொல்கிறார்."

"யாருக்கு இருக்குதாம்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அவர் சொல்லவில்லை. எவரைக் குறித்தும் சொல்லமாட்டார்."

"அப்ப எதுக்கு நாங்க வாசல்ல குந்தோணும்? அந்த ஒரு ஆளு வெளிய குந்தட்டும்." பின்னாலிருந்து சிலர் ஆமாங்க என்றனர். நான் அம்மாளைப் பார்க்காமலிருக்கக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க்கவுண்டர் கையமர்த்தினார். "வழக்கு வேண்டாம். பூக் கேட்டுருவோம். வாத்தியாரே, பொட்டலத்தக் கட்டுங்க."

வாழையிலையும் பூவும் என் முன்னே வந்தன. அரளிதான் நிறைய இருந்தது. அம்மாளின் முகம் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது.

"இதற்குப் பூக் கேட்க வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"நமக்குத் தெரியாததை அம்மனிடம் கேட்கலாம். அடைத்த அறை ஆகாது என்பது தெரிந்த செய்தி. தெரிந்ததைக் கேட்டு, வெள்ளை வந்தால் குழந்தையைக் கொண்டுபோய்க் கிடத்துவீர்களா? நான் கட்டமாட்டேன்."

"நாள் பூரா சாமி பாட்டுப் பாடறீங்க. சாமிகிட்டக் கேக்கச் சொன்னா மட்டும் பயமா?"

"ஆம், பயம்தான்" என்றேன். அதில் பொய் இல்லை; ஆனால் அந்தப் பயத்தையும் நான் உணரவில்லை. "நீங்கள் பெயர் கேட்டீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் இருமினாலும் மருத்துவர் வெளியே சொல்லமாட்டார். அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்."

ஊர்க்கவுண்டரின் மருமகள் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சட்டிகளைப் பார்த்தார்.

"சரி, வாசல்லயே பாடுங்க. மொளை கெட்டுச்சுன்னா ஊருக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

அப்படியே நடந்தது. அறைக்குள் தண்ணீர் தெளிக்க அம்மாள் ஒருவரே சென்றார். மாலையில் காற்று வீசும் வாசலில் பெண்கள் வட்டமிட்டு உட்கார்ந்தனர். குழந்தையைக் கிடத்தும் துணியை அவர் தாமே எதிர்க்கோடியில் விரித்தார். உள்ளே பாட்டுக் கேட்பதற்காகக் கதவைச் சற்றுத் திறந்துவைத்தனர். அதனால் கதவோரத்துச் சட்டிகள் பச்சை பிடித்தன. ஊர்வலத்தன்று அவற்றைப் பின்வரிசையில் எடுத்துச் சென்றனர். வாத்தியார் பூக் கேட்க மறுத்த பச்சை என்று அதைச் சொன்னார்கள். மழை தள்ளிப் போனதற்கும் அதுவே காரணமாயிற்று. சிலர் என்னிடம் திருநீறு வாங்குவதை நிறுத்தினர்.

புளியஞ்சோலைப் பக்கத்தார் வந்து, உண்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சென்றனர். அதன் பிறகே ஆய்வு முடிவு வந்தது. அம்மாளின் சளியில் கிருமி இல்லை. அறைக்குள் பாடியிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திராது என்று ஆகிறது. நான் தடுத்தது எதை என்று எனக்கே விளங்கவில்லை. செய்தியைச் சொன்னபோது அவர், "அப்பிடிங்களா" என்று மட்டும் கேட்டார். அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில், ஊர்க்கவுண்டரின் மருமகள் குழந்தையோடு என் வாசலில் வந்து நின்றாள். திருநீற்றுத் தட்டை எடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இருமலு அந்தப் பாட்டுக்கார அக்காளுக்குத்தானுங்களே?" என்றாள்.

தட்டைக் கீழே வைத்தேன்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. ஓடையில அந்தக்கா துணி தொவைக்கறப்ப அதுல ரத்தம் பாத்தேன். அன்னிக்கு எங்க மாமன் ஆளு யாருன்னு கேட்டப்ப, நீங்க சொல்லிருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"பார்த்தும் நீ ஏன் சொல்லவில்லை?"

அவள் முந்தானையை வாயில் வைத்து இருமினாள். அது புதிய இருமல் இல்லை. அடக்கிப் பழகிய இருமல். "எனக்குப் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே இருக்குதுங்க. பொகையினாலன்னு ஊட்டுல சொல்லி வெச்சிருக்கேன்."

நான் அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். அது என் மார்பிலிருந்த உருத்திராக்கத்தை நோக்கிக் கையை நீட்டியது. அந்தக் கணத்திலாவது உள்ளே ஏதேனும் உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை.

"மாமன்கிட்டச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன். ஆனால் இன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையும் வர வேண்டும். வீட்டில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவரோடு உட்கார்ந்து நீயே முடிவு செய்."

"தடுப்பூசிக்குன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேனுங்க."

மேல்துண்டை எடுத்துக்கொண்டு உடன் கிளம்பினேன். மிளகுக்கொடி நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருந்தோம். வண்டி வந்ததும் அவளை முன்பக்கத்துச் சன்னலோரம் உட்காரச் செய்து, கண்ணாடியை முழுவதும் தள்ளித் திறந்தேன். "புள்ளைக்குக் காத்து அடிக்குமுங்க" என்றாள். அடிக்கட்டும் என்று சொல்லி அடுத்த இருக்கையில் அமர்ந்தேன்.