கலியாணம் சொல்லப் போன நூறு மைல்

எழுபதுகளின் கடைசியில் ஜப்பான் கார்கள் கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தனித்தனியே காரும் நானும் ஊருக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. இரண்டும் சந்தித்ததுதான் பிழை.

சந்திக்க வைத்தது தங்கச்சியின் கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணம் சொல்லுவதென்றால் ஆள் போக வேண்டும். வீட்டுக்குள் இருந்து, தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வந்திரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். மூத்தவ, ராத்தாவின் கலியாணத்தின்போது வாப்பா சுகமில்லாமல் கிடந்ததால், பொத்துவிலில் பெண் எடுத்து அங்கேயே வயல் செய்துகொண்டிருந்த மாமாவுக்கு, பஸ்ஸில் போன ஒருவரிடம் சொல்லியனுப்பிவிட்டோம். மாமா உம்மாவின் ஒரேயொரு அண்ணன்; உம்மாவுக்குக் காக்கா. அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவுமில்லை.

"இந்தக் கலியாணத்துக்கும் என்ட காக்கா வராட்டி நான் சோறு தின்ன மாட்டன்," என்று உம்மா சொல்லிவிட்டா. சோற்று விடயத்தில் உம்மா பகிடி விடுகிற ஆளில்லை.

பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி புதுக் கார் ஒன்று எடுத்து, அதைப் புது விதமாக வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். கார், டிரைவர், பெற்றோல், டிரைவரின் சாப்பாடு, டயர் வெடித்தால் அந்த டயர், எல்லாம் ஒரே தொகைக்குள். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு எடுத்தால் இரவு இஷாத் தொழுகைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நூறு மைலுக்குள்ள நீங்க ராசா, மாஸ்டர்," என்றார் முதலாளி.

நூறுக்கு மேலே நான் யாரென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் தந்த துண்டுக் கடதாசியைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: மேலதிகமாக ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் வேறு காசு. எவ்வளவு காசென்றால், ஒரு மைலுக்குக் கலியாணச் சோற்றில் ஒரு கோழி குறையும்.

நான் பயப்படவில்லை. கணக்கு மாஸ்டர் அல்லவா? அப்பியாசக் கொப்பியில் கோடு கீறி எழுதினேன். மைல்கற்களின்படி பொத்துவிலுக்குப் போய்வரத் தொண்ணூறு மைல். வழியிலுள்ள நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று சொந்தக்காரரின் வீடுகளுக்கு, பெரிய ரோட்டை விட்டு ஒழுங்கைகளுக்குள் போய்வரப் பத்து. விடை நூறு. கீழே இரட்டைக் கோடும் அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கார் வந்தது. ஏறினவுடன் மைல் மீட்டரை எட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டரை மைல் ஓடியிருந்தது.

"இதென்ன? நான் இன்னும் கதவையே சாத்தல்லயே!"

டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். வார்த்தைகளையும் மைலைப்போல எண்ணிச் செலவழிப்பவர். "கராஜிலருந்து கராஜுக்குத்தான் கணக்கு, மாஸ்டர்," என்றார். கராஜ் மருதமுனையில் இருந்தது. போக இரண்டரை, வர இரண்டரை. என் பத்தில் ஐந்து வாசலிலேயே போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. காரைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு ஒழுங்கைகளுக்குள் நடந்து போவது!

"கார் பிடிச்சது நடக்கவா மனே?" என்றா உம்மா.

"நடந்தா காலுக்கு நல்லது உம்மா."

"அப்ப பொத்துவிலுக்கும் நடந்திருக்கலாமே."

நிந்தவூரில் நடந்தோம். அட்டாளைச்சேனையில் நடந்தோம். அக்கரைப்பற்றில் மணலுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். காருக்குக் காசு கட்டிய நான் வெயிலில், டிரைவர் வாகை மர நிழலில். போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: "கார்ல வந்தயளாமே, காரெங்க?" நானும் ஒரே பொய்: "ஒழுங்கை சின்னன், திருப்ப ஏலாது." நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் வந்து திரும்பிப் போனது. வீட்டுக்காரர் லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொன்னார்.

பொத்துவில் சந்தியில் மீட்டரைப் பார்த்தேன். மைல்கல் கணக்கைவிட இரண்டரை கூட ஓடி, சரியாக ஐம்பதில் நின்றது. ஒழுங்காகத் திரும்பினால் நூறுக்குள் நிற்கும். ஆனால் மாமாவின் வீடு உள்ளே ஒன்றரை மைல். போய்வர மூன்று கோழி. அந்த நேரம் பார்த்து வைக்கோல் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு மெசின் ஒன்று அந்தப் பக்கம் போனது. கையைக் காட்டி நிறுத்தினேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஏறினா. காக்காவைப் பார்க்கும் அவசரம் அவவுக்கு.

எனக்குத் தெரியாத விடயம் ஒன்று இருந்தது. "சனிக்கிழமை கார்ல வாறம்" என்று உம்மா ஏற்கெனவே பஸ் கொண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தா.

மாமாவின் வாசலுக்கு முன்னால் மழைத்தண்ணி ஓடும் பள்ளம் ஒன்று உண்டு. கார் ஏறி வரவேண்டுமென்று மாமா இரண்டு வண்டில் மண் அடித்து அதை நிரப்பியிருந்தார். கூரையில் உரசாமலிருக்க மாங்கொப்பு ஒன்றை வெட்டியிருந்தார். அயல் வீட்டுக்காரர் பத்துப் பேர் வேலியோரம் நின்றார்கள். மாமா வெள்ளைச் சாரனும் நீளக்கைச் சேட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். அந்த மண் மேட்டில் மெசின் வந்து நின்றது. வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் நானும், பிறகு உம்மாவின் குடையும், பிறகு உம்மாவும் இறங்கினோம்.

ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மாமா ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"காரெங்க மருமகன்?"

"சந்தியில இரிக்கி மாமா."

"ஏன், என்ட வாசலுக்கு வந்தா தேஞ்சு போகுமா?"

வேறு யாராவது என்றால் டயர் வெடித்தது என்று சொல்லித் தப்பியிருப்பான். நான் மாஸ்டர். நூறு மைல், கராஜிலிருந்து கராஜ், மேலதிக மைல் என்று விரல் மடித்து விளக்கினேன். வேலியோரம் நின்றவர்கள் வகுப்புப் பிள்ளைகளைப்போல அமைதியாகக் கேட்டார்கள். மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"விளங்கிச்சு. பஸ்ஸில ஆளனுப்பினது அந்த முறை. மைல் பாத்து வந்தது இந்த முறை. நான் எத்தன மைல் பெறுவன் எண்டும் கணக்குப் பாத்திரிப்பாய். சொல்லன்."

மூன்று என்ற விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். மாமா திரும்பி உள்ளே போய்விட்டார். உம்மா தலையில் வைக்கோலோடு அந்த மண் மேட்டில் அப்படியே நின்றா. அழவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்தவ, வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்று, "காக்கா..." என்று மட்டும் ஒரு தரம் கூப்பிட்டா.

நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒன்றரை மைல். என் வகுப்பில் ஓடும் ஆளின் வேகத்தைக் கேட்டு எத்தனை பிள்ளைகளை அழவைத்திருப்பேன்! அன்றைக்கு அந்த ஆள் நானேதான். டிரைவர் கதவைத் திறந்துவிட்டுக் காலை வெளியே நீட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

"எடுங்க காரை!"

"மைல்?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"மைல் கிடக்கட்டும்!"

அவர் எழும்பி உட்கார்ந்து, அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். மாமாவின் ஒழுங்கை தொடங்கிய இடத்திலிருந்து வாசல் வரைக்கும் ஹோர்னில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. பள்ளத்து மண்ணில் கார் ஏறி, குலுங்கி, வளவுக்குள் போய் நின்றது. சனம் காரைச் சூழ்ந்துவிட்டது. மாமா கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, மாட்டைப் பார்ப்பதுபோல முன்னால் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் உம்மாவிடம், "தலையில வைக்கல் கிடக்கு, எடு. உள்ளுக்கு வா."

அவ்வளவுதான். வட்டிலாப்பம் வந்தது, கோழி வந்தது, டிரைவருக்குத் தனியாக ஒரு சஹன் தட்டில் சோறு வந்தது. சாப்பிடும்போதே உம்மா என் யோசனைகள் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் காக்காவிடம் சொல்லிவிட்டா. மாமாவுக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. பிறகு கையைக் கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நடந்து போய்ச் சொன்னது ஒண்டும் செல்லாது. ஆக்கள் கலியாணத்துக்கு வந்தாலும் மனசோட வர மாட்டாங்க. நானும் வாறன், எல்லாத்தையும் திரும்பச் சொல்லுவம்."

"கலியாணத்துக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கே மாமா?"

"ஏன், எட்டு நாளைக்கு என்னை வெச்சுப் பாக்க ஏலாதா?"

மாமா முன் சீட்டில் ஏறினார். பின்னால் நானும் உம்மாவும் மாமியும், எங்கள் கால்களுக்கிடையில் ஒரு மூட்டை பச்சையரிசியும். அக்கரைப்பற்றில் ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் கார் போனது. வாசலில் ஹோர்ன் அடித்தது. காலையில் என் பொய்யைக் கேட்ட வீட்டுக்காரர் ஓடிவந்து, "மாஸ்டர், ஒழுங்கை பெருத்திட்டுதோ?" என்று கேட்டார். அட்டாளைச்சேனையில் ஒரு வீட்டு வாசலில் மீட்டர் நூறைத் தாண்டியது. சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னாலில்லாஹி"யை நான் வாய்க்குள் சொன்னது மாமாவுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன, ஆரும் மௌத்தாகிட்டாங்களா?"

"ஒரு கோழி, மாமா."

"போகட்டும். நான் ஆட்டோட வாறன்," என்றார். டிரைவர் மரியாதைக்கு ஹோர்னை இரண்டு தரம் அடித்தார்.

கல்முனையில் எங்கள் வாசலுக்குக் கார் வந்தபோது பள்ளியில் அந்தி மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கராஜ் போய்ச் சேரும்போது மேலதிகம் இருபத்தொரு மைல். அதை நான் எத்தனை மாதம் கட்டினேன் என்பதை மனைவிக்கே இன்னும் சொல்லவில்லை. கார் நின்றதும் மாமா இறங்கவில்லை. கதவைப் பிடித்தபடி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் இறங்கச் சொல்ல வாயைத் திறந்தேன். உம்மா என் கையைக் கிள்ளினா.

பின் கதவைத் திறந்து, அரிசி மூட்டையைத் தாண்டி, அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தில் உம்மா வீட்டுக்குள் ஓடினா. உள்ளே விளக்கு எரிந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றவ மாதிரி வாசலுக்குத் திரும்பி வந்தா.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க காக்கா, வாங்க," என்றா. "எப்ப வந்தயள்?"

"இப்பதான் தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டு மாமா இறங்கினார்.